தப்பிக்கும் கலத்துக்கு ஒரு ஜன்னல்

அலுவலகத்தில் அவளுக்கு 'ரெட்டைவாசல்' என்று பெயர். வீடியோ கேம்களில் வரும் விண்கப்பல்களை வடிவமைப்பது அவள் வேலை. சண்டைக் கப்பலோ சரக்குக் கப்பலோ, அவள் கைபட்டால் எந்த அறைக்கும் இரண்டு கதவு வந்துவிடும். ஒருமுறை கைதியை அடைத்துவைக்கும் அறைக்கே இரண்டு வைத்துவிட்டாள்.

"ஏம்மா, எந்தப் பக்கமா ஓடலாம்னு கைதியே பாத்து முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டியா?" என்று பிரிவுத் தலைவர் கேட்டதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, "காவலாளி மாறும்போது வசதியா இருக்கும் சார்" என்று வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள்.

விஷயம் வேறு. மூடிய சின்ன இடம் என்றால் அவளுக்கு மூச்சு முட்டும், கைகால் வெலவெலத்துப் போகும். எப்போது தொடங்கியது, எதனால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடமாட்டாள். விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தம். அலுவலகம் ஏழாவது மாடி. லிஃப்ட் இருந்தும் தினமும் படியேறித்தான் போவாள். யாராவது கேட்டால், "உடம்புக்கு நல்லதுங்க" என்பாள். உண்மை தெரிந்தவர் அவள் கணவர் ஒருவர்தான். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர்.

இத்தனைக்கும் அவள் கப்பல்களுக்கு நல்ல பெயர். நீண்ட வயிறு, அகன்ற கண்ணாடி மூக்கு, உள்ளே நடந்துகொண்டே போகலாம் போலிருக்கும் கூடம். வேலை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தப்பிக்கும் கலம் அவள் தலையில் வந்து விழும்வரை.

கப்பல் உடைகிற சமயத்தில் ஒரே ஓர் ஆள் படுத்துத் தப்பித்துப் போகிற குட்டிக் கலம் அது. ஆள் உள்ளே போனதும் மூடி இறங்கிவிடும். அவள் முட்டை வடிவில் வரைந்தாள், தோட்டா வடிவில் வரைந்தாள், விதை மாதிரி வரைந்தாள். எதை வரைந்தாலும் பெரிதாகவே வந்தது.

"ஒருத்தர் தப்பிக்கிறதுக்குக் கேட்டா, நாலு பேர் குடித்தனம் பண்ற மாதிரி குடுக்கறியேம்மா" என்றார் தலைவர்.

சுருக்கிப் பார்த்தாள். திரையில் பக்கச் சுவர்கள் நெருங்கி வர வர இவளுக்கு நெஞ்சு அடைத்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இப்படியே நாள் ஓடியது. கடைசியில் தலைவர், "திங்கட்கிழமைக்குள்ள முடிச்சிடு. முடியலேன்னா வேற ஆள்கிட்ட மாத்திடறேன், தப்பா எடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். அதைக் கூடத்தில் படுக்கப் போட்டார்.

"இது எதுக்குங்க?"

"உள்ள படுத்துப் பாரு. நான் இங்கயே உக்காந்திருக்கேன். எங்க வெட்டணும்னு சொல்லு, வெட்டறேன்." கையில் பிளேடு இருந்தது.

"விளையாடறீங்களா?"

"மூடி போடலை. நீ சொன்னாதான் போடுவேன்."

அவள் போய் ஜன்னல் ஓரம் நின்றாள், திரும்பி வந்தாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். "போடுங்க" என்றாள். அவர் மூடியைச் சாத்திய மறு நொடியே, "திறங்க! திறங்க!" என்று அலறல். திறந்தார். அவர் சிரிக்கவில்லை. மறுபடி போனாள். முகத்துக்கு நேரே வெட்டச் சொன்னாள். வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது, இன்னும் மோசம். கால்மாட்டில் வெட்டினார்; வெளிச்சம் வந்தது, மூச்சு வரவில்லை. அழுகை வந்துவிட்டது.

"போதும்மா, விட்டுடலாம்."

"இருங்க. இந்தப் பக்கம், என் முழங்கைகிட்ட, கீழாக் கொஞ்சம் வெட்டுங்க."

வெட்டினார். தலையைச் சாய்த்தால் தரை தெரிந்தது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அவருடைய முட்டி தெரிந்தது. கையை நீட்டினால் விரல்கள் வெளியே போயின. இறுகிக் கிடந்த தோள் மெல்ல இறங்கியது. மூச்சு தானாக உள்ளே போய் வெளியே வந்தது.

"என்ன ஆச்சு? சத்தமே இல்லே?" என்றார் அவர் பதறி.

"ஒண்ணுமில்லீங்க. படுத்திருக்கேன்" என்றாள். சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து வரைந்தாள். ஒரு பக்கம் சரிந்த கலம். முழங்கைக்குப் பக்கத்தில் புடைத்த சின்ன ஜன்னல், அதன் கீழே உள்ளிருந்து பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் படத்தைத் திரையில் போட்டதும் தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "நசுங்கின சுரைக்காய் மாதிரி இருக்கே. ஜன்னல் ஏன் கோணல்ல இருக்கு?"

வழக்கம்போல ஏதாவது ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள். "எனக்கு மூடின இடம்னா பயம் சார். பெட்டிக்குள்ள படுத்துப் பாத்தேன். அங்க ஜன்னல் இருந்தாதான் என்னால மூச்சு விட முடிஞ்சுது."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது சுட்டது.

"அப்போ தினம் ஏழு மாடி ஏறறது?" என்றார் தலைவர்.

"அதுக்குத்தான் சார்."

"அடப்பாவமே! உன்னைப் பாத்துத்தானேம்மா நானும் படியேற ஆரம்பிச்சேன்! எனக்கு முட்டியே போச்சு!"

அறை அதிர்ந்தது. இந்தத் தடவை அவள் சமாளிக்கச் சிரிக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் தலைவர் திரையை மறுபடி பார்த்தார். "உள்ள ஆள் இருக்கான்னு வெளியேயிருந்தே தெரியுது. இதுவே இருக்கட்டும். இனிமே குறுகலான அறை வந்தா முதல்லயே சொல்லிடு, மத்தவங்க பாத்துக்கட்டும். கப்பலோட வெளி உருவம் மொத்தமும் நீ பாரு."

அவளுடைய பயம் அதோடு போய்விடவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் ஒளித்துவைக்கிற வேலை போயிற்று. பாதிப் பாரம் அதுதான் என்பது இறக்கிவைத்த பிறகே தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்தபோது கணவர் கதவருகிலேயே நின்றிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் மேஜைமேல் கிடந்தது.

"என்னங்க, சாப்பிடலையா?"

"என்ன சொன்னாங்கன்னு தெரியாம எப்படி இறங்கும்?"

சொன்னாள். அவர் போய் இரண்டு தட்டு எடுத்துவந்தார். இருவருக்கும் அகோரப் பசி.