நூர்நிஷாவுக்கு ஒரு மணி நேரம்

முகம்மது மீரான் சவூதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தது ஏப்ரலில். ஜூன் முடிவதற்குள் அவர் மனைவி நூர்நிஷாவுக்குத் தன் வீட்டிலேயே உட்கார இடமில்லாமல் போயிற்று.

வீடு ஒன்றும் சின்னதல்ல. தென்காசி பஜாருக்குப் பின்தெருவில் கீழே மூன்று அறை, வெளிப்படி ஏறினால் மேலே இரண்டு. ஒரே மகள் மாஜிதா சென்னையில் வேலைக்குப் போன பிறகு அத்தனை அறையிலும் நூர்நிஷா மட்டும்தான். பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். அவளுக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மத்தியானத் தொழுகை முடிந்து, சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்வரை அவள் யாருக்கும் எதுவும் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து வரைவாள்.

அந்தப் பழக்கம் ஊரடங்கு சமயத்தில் வந்தது. விமானம் நின்றுபோய், மீரான் அங்கேயே மாட்டிக்கொண்டு, தூக்கம் பிடிக்காமல் அவள் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த நாட்கள். மாஜிதாதான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுர அட்டை. கறுப்புப் பேனா. ஒரே வளைவை, ஒரே கோட்டை, திரும்பத் திரும்பப் போட்டு அட்டையை நிறைக்க வேண்டும். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டி யோசிக்கக் கூடாது. ரப்பர் கிடையாது. தப்பாக விழுந்த கோட்டையும் சேர்த்துக்கொண்டு மேலே போக வேண்டும். "இது என்ன பிள்ளைக வெளையாட்டு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவள், சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் வரைந்தாள்.

பிறகு இலஞ்சியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் ஆனந்தவள்ளி நடத்திய வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். வருடாவருடம் ஜூலை மாதம் அந்தக் குழுவில் ஒரு சவால் உண்டு. காலையில் ஆனந்தவள்ளி ஒரு சொல்லை அனுப்புவாள். அன்றைக்குள் அந்தச் சொல்லை மனதில் வைத்து ஓர் அட்டை வரைந்து போட வேண்டும். மாதம் முழுக்க ஒரு நாளும் விடாமல் போட்டவர்கள் சிலர்தான். நூர்நிஷா ஒரு வருடமும் விட்டதில்லை.

இந்த வருடம் முதல் நாளே சறுக்கியது.

அன்றைய சொல் 'கயிறு'. பேனாவை எடுத்து நாலு கோடு போட்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது.

"இது என்ன நூரு, கோடு சாய்ஞ்சிருக்கு?"

"சாயட்டுங்க."

"ஒரு ஸ்கேலு வச்சுப் போட்டா நேரா வரும்லா? எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாங்க. ஸ்கேலு வைக்கக் கூடாது."

"ஏன்?"

ஏன் என்பதை அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் மோட்டார் போட்டோமா என்று பார்க்கப் போய்விட்டார். போன வேகத்தில் திரும்பி வந்து, தொட்டி நிறைந்துவிட்டது என்றார். பிறகு அடுக்களையில் டப்பாக்கள் உருளும் சத்தம். மல்லிப்பொடி எது, மிளகாய்ப்பொடி எது என்று அத்தனை டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். சமைக்கிறவளுக்குத் தெரியாதா எது எங்கே இருக்கிறதென்று? அவள் பேனாவை மூடினாள். அன்றைக்குச் சாயங்காலம் அவசரமாக எதையோ கிறுக்கி அனுப்பினாள்.

மறுநாளும் அப்படித்தான். மாடிக்குப் போனால் மாடிக்கு வந்தார். படுக்கையறைக் கதவைச் சாத்தினால், உடம்புக்கு என்ன என்று தட்டினார். ஒரு தடவை பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "நான் ஒண்ணும் பேசல, நீ வரை" என்றார். பேசவில்லைதான். காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆட்டம் தரை வழியாக ஏறி அவள் கைக்கு வந்தது.

அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. எத்தனை பெருநாளைப் புருஷன் இல்லாமல் கழித்தவள். அவர் வந்து இறங்கிய அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நின்று அழுதவள். இப்போது அவர் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி வெளியே போகாதா என்று காத்திருக்கிறாள். இதை யாரிடம் சொல்ல? மாஜிதாவிடம் சொன்னால், "வாப்பா பாவம்மா" என்பாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் ஒரு பொய் சொன்னாள். கடைவாய்ப்பல் வலிக்கிறது, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"நானும் வாரேன்."

"கூட்டமா இருக்கும். நீங்க எதுக்குச் சும்மா உக்காந்துக்கிட்டு? நான் போயிட்டு வந்திருதேன்."

புர்காவை மாட்டிக்கொண்டு, அட்டையையும் பேனாவையும் கைப்பைக்குள் வைத்து, பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் பஸ்ஸில் ஏறினாள். சீசன் நேரம். பஸ் முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையும். அருவிப் பக்கம் போகாமல் ஐந்தருவி போகும் வழியில் படகுத் துறையில் இறங்கிக்கொண்டாள். அங்கே மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு காலியாக இருந்தது. வரையும்போது போன் அடிக்கக் கூடாது என்ற குழு விதிப்படி அதைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

சாரல் இல்லை. குளத்தில் மிதிபடகில் ஒரு குடும்பம் கத்திக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை. முதல் வளைவு, அதை ஒட்டி அடுத்தது, அதை ஒட்டி அடுத்தது. கை சூடேறியது. ஒரு மூலை நிறைந்தது. பொய் சொன்னது நடுவில் ஒரு தரம் குத்தியது, அதையும் ஒரு வளைவாகப் போட்டுக் கடந்தாள். அட்டை முடிந்தபோது இதுதான் இந்த மாதத்தின் முதல் அட்டை என்று தோன்றியது.

படம் எடுக்கப் போனைத் திறந்தாள். மீரான் கூப்பிட்டிருந்தார். மறுபடியும், மறுபடியும். மாஜிதாவும் கூப்பிட்டிருந்தாள்.

பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"உம்மா! எங்கம்மா இருக்க? வாப்பா அழுதுட்டாங்க."

நடந்தது இதுதான். மேகம் கூடியதைப் பார்த்து மீரான் குடையை எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போயிருக்கிறார். அங்கே சீட்டுப் போடும் மாரிச்செல்வி, "அக்கா வந்து ஒரு வருசம் இருக்குமே அண்ணாச்சி" என்றிருக்கிறாள். அவர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடி, அங்கிருந்து மழையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கடைசியில் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். இலஞ்சி தாண்டும்வரை புதுப்புதுப் பொய்யாக யோசித்தாள். தென்காசி வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

மீரான் கூடத்தில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். குடை விரிக்கவே இல்லை போல.

"எங்க போன?"

அவள் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதையும் அவளையும் பார்த்தார்.

"இதுக்கா? இத வீட்ல வச்சு வரைய முடியாதா?"

"முடியல."

"நான் இருக்கதுனாலயா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "ஆமா" என்று வந்தது.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"அங்க கிரேன்ல காலைல ஏறுனா பொழுது அடையத்தான் எறங்குவேன். அந்தக் கேபின்ல நான் மட்டுந்தான். தூக்கு, எறக்குன்னு வாக்கி டாக்கில ஒரு சத்தம் வரும், அதோட சரி. இங்கன வந்ததுல இருந்து எந்த ரூம்ல இருக்கணும்னே தெரியல நூரு. நீ இருக்க எடத்துல வந்து நிக்கேன்."

அவள் அடுக்களைக்குப் போனாள். சாப்பாடு எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் காலை அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். மத்தியானமும் வரவில்லை. வீடு அவள் கேட்ட மாதிரியே இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அன்றைய சொல் 'வலை'. ஒரு கோடு போடுவாள், தெருவில் காலடி கேட்டால் நிமிர்வாள். போன் போட்டாள், எடுக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து இன்னொரு கோடு. வலையின் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அங்கங்கே அறுந்து கிடந்தன. அப்படியே படம் எடுத்து அனுப்பினாள். ஆனந்தவள்ளி உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, கை நடுங்குத மாதிரி இருக்கே. உடம்புக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். மனசுதான் நிக்க மாட்டேங்குது."

"அப்ப இதுதான் இன்னைக்கு வந்த வலை. இருக்கட்டும்க்கா."

மீரான் சாயங்காலம் வந்தார். கையில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம். செங்கோட்டையில் கொல்லம் போகும் ரயிலில் ஏறி, புனலூர்வரை போய், அடுத்த வண்டியில் திரும்பியிருக்கிறார்.

"எதுக்கு?"

"சும்மா. ஜன்னல் சீட்டு கெடைச்சுது." பிறகு சட்டென்று முகம் தெளிந்து, "குகைக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்தா கீழ எல்லாம் மரம் நூரு. அவ்வளவு ஒசரத்துல இருந்து பாத்து எத்தனை நாளாச்சு!" என்றார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் எதையும் கேட்காமல், தானாக ஒன்றைச் சொன்னது அப்போதுதான். அவள் சிப்ஸைத் தின்றுகொண்டு கேட்டாள். போனை ஏன் எடுக்கவில்லை என்று நடுவில் சண்டையும் போட்டாள்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் அவர் ரயிலேறினார். சில நாள் வாசல்வரை போய்விட்டு, யோசித்துத் திரும்பி வந்தார். அவர் போன நாளில் அவள் வண்டி நேரத்தைப் பார்த்தாள், இருந்த நாளில் பேனாவை மூடி மூடித் திறந்தாள். இரண்டு மூன்று நாள் அட்டையே அனுப்பவில்லை. குழுவில் முழுதாக முடித்தவர்கள் பட்டியலில் இந்த வருடம் தன் பெயர் இருக்காது என்பது தெரிந்தபோது கொஞ்சம் அழுகை வந்தது.

ஜூலையின் கடைசி நாள் மழை ஊற்றியது. மீரான் கூடத்தில் டி.வி.யைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது இருமினார், இருமிவிட்டு இவளைப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிட்டா?"

"இல்ல. பாதிதான் ஆயிருக்கு."

"நான் வேணா மாடிக்குப் போகட்டா?"

"மழை பெய்யுதுல்லா. இருங்க."

அவர் இருந்தார். அவள் கோட்டை விட்ட இடத்தைத் தேடிப் பேனாவை வைத்தாள்.