வேப்பிலை கட்டிய போத்தல்

மாட்டாஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவனுக்கு நோயாளிகளால் பெரிய தொல்லை இல்லை. அவை உதைக்கும், கடிக்கும், அத்தோடு விட்டுவிடும். தொல்லை முழுவதும் அவற்றின் சொந்தக்காரர்கள் கையில் கொண்டுவரும் போத்தலில்தான் இருக்கிறது. ஒரு மாட்டையும் ஒரு நாயையும் ஒரு தவழும் பிள்ளையையும் ஒரே வளவுக்குள் வைத்துக் காப்பாற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

யுத்த வருடங்களில் நான் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், அதாவது கிழக்குக் கரையில், ஒரு சிறிய கால்நடை வைத்தியசாலையில் வேலை பார்த்தேன். முன்பெல்லாம் உண்ணி மருந்து, நாய்ப் படமும் மண்டையோடும் போட்ட சின்னப் போத்தல்களில் வரும். பாதைகள் மூடத் தொடங்கிய பிறகு போத்தல்கள் வரவில்லை. பல மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் வரும். அதிலிருந்து மூடி மூடியாக அளந்து, ஆட்கள் கொண்டுவருகிற போத்தலில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. கேனில் இருக்கும்போது அது நல்லெண்ணெய் நிறம். தண்ணீரில் விட்டால் பால் நிறம். இரண்டு நிறத்திலும் வாயில் வைக்கிற சாமான் போலவே இருக்கும்.

நான் அளந்து கொடுத்ததை ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பிள்ளை எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. அந்த வருடங்களில் பிள்ளைகள் சாவதற்கு வேறு காரணங்கள் போதிய அளவு இருந்தன. என் கையாலும் ஒன்று சேர வேண்டாம் என்று நினைத்தேன்.

கொண்டுவந்த பாத்திரம்

நெல்லிச்சாறுப் போத்தல், பன்னீர்ப் போத்தல், பிள்ளையின் வயிற்றுக் குத்துக்குக் கொடுக்கும் மருந்துப் போத்தல் என்று எல்லாம் வந்தன. குடிக்கிற சாமான் இருந்த போத்தலில் ஊற்றமாட்டேன் என்று சட்டம் போட்டுப் பார்த்தேன். மண்டூர்ப் பக்கத்து வண்டில்காரர் ஒருவர், ஆறு மாட்டுக்கு மருந்து கேட்டு, சாராயப் போத்தலோடு வந்து நின்றார். வேறு போத்தல் கொண்டுவரச் சொன்னேன். அவர் என் சட்டத்தை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வேற போத்தல் வேணுமெண்டா நான் முதல்ல இன்னொரு போத்தலக் குடிச்சு முடிக்கோணும் சேர். நீங்க சொன்னாச் செய்யிறன்."

லேபிள்

எழுத்தின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கே உரிய ஒரு வியாதி. கொப்பித்தாளைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு லேபிளிலும் ஒன்பது வரி எழுதினேன். இது நஞ்சு. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். சமையல் பாத்திரத்தில் கலக்க வேண்டாம். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவவும். இப்படியே போகும். பசை வாங்க வழியில்லாததால் சோற்றுக் கஞ்சியால் ஒட்டினேன். இரண்டாம் மாதம் ஒரு பெண் வெறும் போத்தலோடு திரும்பி வந்தாள். லேபிள் எங்கே என்று கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"நஞ்செண்டு எழுதின கடுதாசியக் கரப்பான் தின்டுட்டு சேர். தின்ட கரப்பான் இன்னும் ஓடித் திரியுது. பிறகு எப்பிடி நாங்க நம்புற?"

எட்டு வயது நாய்

எவ்வளவு பெரிய நாய் என்று தெரிந்தால்தான் எத்தனை மூடி அளப்பது என்று தெரியும். ஆகவே ஒரு பெண்ணிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். உயரம் கேட்டபோது கையை இடுப்பளவுக்குத் தூக்கிக் காட்டினாள். பெரிய நாய்தான். வயது எட்டு என்றாள். கிழட்டு நாய். "மயிர் நீளமோ?" என்றேன். "முதுகு வரைக்கும் கிடக்கு சேர்," என்றாள்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அந்த நாய் எந்தப் பள்ளிக்கூடத்தில படிக்குது?" என்று கேட்டேன். கெட்டித்தனமாகக் கேட்டுவிட்டதாக எனக்குள் ஒரு சந்தோஷம். அவள் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடத்திலதான் சேர் இருக்கிறம். ஒரு வகுப்பறையில ஒம்பது குடும்பம். ஒரு தலையில இருந்து மத்தத் தலைக்குப் பேன் நடந்து போகுது," என்றாள்.

அந்த மருந்து தலைத்தோல் வழியாக உள்ளே இறங்கும் என்பதையும், சின்ன உடம்பு அதைத் தாங்காது என்பதையும் சொன்னேன். தேங்காய் எண்ணெயை ஊற ஊறப் பூசி, பேன் சீப்பால் நாள் தவறாமல் வாரச் சொன்னேன். ஒன்பது குடும்பமும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழும்பினாள்.

"நாய்க்கு மருந்து இருக்கு, புள்ளைக்கு இல்ல எண்டா, நாய்க்கெண்டு சொல்லாம நான் வேற என்னெண்டு சேர் சொல்லுற?"

துப்புரவான பூனை

காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், ஆடுகளுக்கென்று மருந்து வாங்கிப் போனார். ஆடு கழுவி மிச்சம் வந்ததை வீணாக்க மனமில்லாமல் வீட்டுப் பூனையையும் கழுவிவிட்டார். அன்று பின்னேரமே பூனையைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அதன் வாயால் நுரை வடிந்தது, உடம்பு வெடவெடத்தது. எங்கள் டொக்டர் அம்மா ஊசி போட்டார். நான் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன், மூன்று தரமும் கடி வாங்கினேன்.

ஆட்டுக்கு ஒன்றும் ஆகாதபோது பூனைக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவர் கேட்டார். பூனையின் உடம்பு இந்த நஞ்சைத் தாங்குவது குறைவு. அத்தோடு, மேலில் பட்டது எதுவானாலும் அது நக்கி எடுத்துவிடும் என்றார் டொக்டர் அம்மா. பூனை கண் திறந்து பார்த்ததும் ஹாஜியார் அதன் தலையைத் தடவிச் சொன்னார்:

"நாங்க ஒரு நாளைக்கு அஞ்சு தரம் கழுவுறம். இது அம்பது தரம் கழுவுது. துப்புரவுதான் இதக் கொல்லப் பாத்திரிக்கி."

என் கண்டுபிடிப்பு

எழுத்து பயன்படவில்லை, சட்டம் பயன்படவில்லை. படிக்கத் தெரியாதவனுக்கும் பிள்ளைக்கும் விளங்குகிற ஓர் அடையாளம் வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்தேன். வைத்தியசாலை வாசலிலேயே ஒரு வேப்ப மரம் நின்றது. கசப்பு என்றால் வேம்பு. வாயில் வைக்காதே என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? அன்று முதல் ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் ஒரு வேப்பங்கொத்தை நூலால் கட்டிக் கொடுத்தேன். டொக்டர் அம்மா பாராட்டினார். நானும் என்னைத் தனியாகப் பாராட்டிக்கொண்டேன்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், பாக்கியம் என்று ஒரு பெண். நாலு மாடு, ஆறு வயதில் ஒரு மகன். ஒரு நாள் தோணியில் வந்து மருந்து வாங்கிப் போனாள். போத்தலை நான் சொன்னபடியே பிள்ளைக்கு எட்டாமல் வீட்டுக் கூரை வளையில் தொங்கவிட்டாள். மறுநாள் விடியவே வட்டைக்கு, அதாவது வயலுக்கு, நெல் வெட்டும் வேலைக்குப் போய்விட்டாள். மாட்டுப் பட்டியில் தங்கியிருந்த அவள் புருசன் கணபதி அன்று காலைதான் வீட்டுக்கு வந்தான்.

மகனுக்குக் கொப்புளிப்பான் போட்டு மாறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அதை அம்மாள் என்றுதான் சொல்வோம். வாசல் படலையில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை. அன்று பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள். கணபதி நிமிர்ந்து பார்த்தான். வேப்பிலை கட்டிய போத்தல் ஒன்று, யார் காலும் கையும் படாத உயரத்தில், மரியாதையாகத் தொங்கியது. பெண்சாதி கண்ணகி அம்மன் கோயிலில் தீர்த்தம் வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். பிள்ளைக்கு வார்க்கச் சருவப் பானையில் வைத்திருந்த தண்ணீரில் விட்டபோது அது பாலாக மாறியது. அவனுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. அதன் மண்ணெண்ணெய் மணமா? மண்ணெண்ணெய் மணக்காத பொருள் அந்த நாட்களில் எந்த வீட்டில் இருந்தது?

தேத்தண்ணி கொண்டுபோகும் போச்சியை மறந்து விட்டுப்போன பாக்கியம் அதை எடுக்கத் திரும்பி வந்தபோது, இரண்டு தரம் வார்த்து முடிந்திருந்தது. பிள்ளையின் உடம்பில் ஆறாத புண்கள். அவள் சருவத்தை உதைத்துத் தள்ளிவிட்டுப் பிள்ளையைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சவர்க்காரம் முடியும் வரை தேய்த்து வாளி வாளியாக வார்த்தாள். அதற்குள் பிள்ளைக்கு வாய் வடியத் தொடங்கிவிட்டது. தோணி பிடித்து, துறையில் சோதனைக்கு நின்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்று நாள் அவன் பிழைப்பானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாலாம் நாள் சோறு கேட்டான்.

அந்த மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரி வாசலில்தான் இருந்தேன். மேலில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவு என்று பாக்கியத்துக்கு வாயால் சொல்லியிருந்தேன். அது பிள்ளையைக் காப்பாற்றியது. கணபதிக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து வாங்க வருகிறவர் ஒருவர், போத்தலை எடுக்கிறவர் இன்னொருவர் என்பது இத்தனை வருடமும் என் மண்டையில் ஏறவில்லை. கணபதி என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பக்கத்தில் வந்து குந்தி, மெல்லமாகச் சொன்னான்:

"வேப்பில கட்டாம வெறும் போத்தலாத் தந்திருந்தீங்க எண்டா, நான் அதத் தொட்டிருக்கவே மாட்டன் சேர்."

காவலரணில்

அதன் பிறகு டொக்டர் அம்மாவும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். இனிப் போத்தலில் கொடுப்பதில்லை. மிருகத்தைக் கொண்டு வாருங்கள், கழுவி அனுப்புகிறோம். படுவான்கரை மாடுகளைத் தோணியில் ஏற்ற முடியாது. ஆகவே சனிக்கிழமைகளில் நானே கேனோடு அந்தக் கரைக்குப் போனேன். கிணறுகளுக்கும் வாவிக்கும் தூரமான ஒரு மேட்டில் மாடுகளைக் கழுவிவிட்டுக் கேனோடு திரும்பி வருவேன்.

துறையில் ஓர் இராணுவக் காவலரண் இருந்தது. தண்ணீர் போல எதைக் கொண்டு போனாலும் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். முதல் நாள் அங்கே நின்ற சிப்பாய் கேனைக் காட்டி, "குடிங்க, மாத்தயா," என்றான். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நான் இலக்கணப் புத்தகத்தில் படித்த சிங்களத்தில், இது நஞ்சு என்று விளக்கினேன். அரசர் காலத்துச் சிங்களம் போலிருக்கிறது, அவன் சிரித்துவிட்டான். பிறகு மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். "எங்க ஊர்லயும் இந்த மணம். அப்பா மாடு," என்று உடைந்த தமிழில் சொன்னான். போகவிட்டான்.

சில வாரம் கழித்து அதே சிப்பாய் இடுப்பில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் கழற்றி, உள்ளே இருந்ததை மண்ணில் கொட்டிவிட்டு என்னிடம் நீட்டினான். "முகாம் நாய். நிறைய உண்ணி. இதில போடுங்க." தோளில் துவக்கு. தோணிக்காரர் என் காதுக்குள், "ரெண்டு மூடிதானே, ஊத்துங்க சேர். நாளைக்கும் நான் இந்தத் துறையாலதான் வரோணும்," என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் போத்தல் அன்றைக்கே அலசப்பட்டு, திரும்பத் தண்ணீர் நிரப்பப்பட்டு, அவன் வாய்க்கோ, ஒன்றும் தெரியாத இன்னொருவன் வாய்க்கோ போகும். அவனுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவன் வயதெல்லையை எங்கே போடுவது? "தண்ணிப் போத்தலில தரமாட்டன். நாயக் கூட்டி வாங்க, கழுவி விடுறன்," என்று இரண்டு பாஷையிலும் சொன்னேன். அவன் என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தான். தோணிக்காரர் வாவியைப் பார்த்தார். சிப்பாய் கையால் போகச் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை கேனோடு அதே வழியால் வந்தேன். துறையில் அவன் நின்றான். கையில் கயிறு, கயிற்றில் இரண்டு நாய்கள். இடுப்பில் போத்தல் இல்லை.

"நாய் ரெண்டு வந்தது. போத்தல் வரல்ல. இப்ப சரியா, மாத்தயா?"

இத்தனை வருடம் நஞ்சு அளந்து கொடுத்ததில், யாருக்கும் கொடுக்காத போத்தலைத் தவிர வேறெந்தப் பாதுகாப்பான போத்தலையும் நான் கண்டதில்லை.