இருபத்து நான்காம் பகுதியில் கேட்ட குரல்

யாந்தே ஃபாய் பார்க்கும் வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். கதாநாயகி எந்தக் கையில் கோப்பையைப் பிடித்திருந்தாள், கிழவரின் சட்டையில் மேல் பொத்தான் போட்டிருந்ததா, இதையெல்லாம் நோட்டில் எழுதுவதுதான் அவள் வேலை. பிக்கின் ஊரில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் நோன்பு மாதத் தொடரை எடுத்துக்கொண்டிருந்தோம். முப்பது நாளுக்கு முப்பது பகுதி. இன்று எடுப்பது நாளை நோன்பு திறந்ததும் வீடு வீடாக ஓடும். நான் ஒலிப்பதிவுக்காரன். எனக்கு அவளைப் பிடிக்கும், அவள் வாயைத்தான் பிடிக்காது. என் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் பேசுவாள்.

ஒன்பதாம் பகுதியில் மணப்பெண் கதவுக்கு வெளியே பச்சை முக்காட்டோடு நின்றாள், உள்ளே வரும்போது மஞ்சள் முக்காடு. கைபேசியில் ஊரே கிழிகிழியென்று கிழித்தது. தொடரைத் தயாரித்து இயக்கிய கோரா லோ மறுநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு தப்பு, யாந்தே. நோட்டை என் தங்கச்சி மக கிட்ட குடுத்துட்டு ஊரைப் பாக்கப் போயிடு."

அந்தத் தங்கை மகள் மறுநாளிலிருந்தே புதுப் பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். யாந்தேயின் புருஷன் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தான். இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு அந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

கதையில் அப்பாவாக நடித்தவர் யேரோ சோ, அறுபத்தைந்து வயது. சோ என்றால் மாட்டுக்காரக் குலம், ஃபாய் என்றால் செரேர் குலம். இந்த இரண்டு ஜனமும் கண்டால் கேலி பேசியே ஆக வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இவள் அவரை அடிமை என்பாள், அவர் இவளைச் சோத்துப்பானை என்பார். சாவு வீடு என்றால் கேலி இன்னும் கூடும். யாந்தே ஏழு வயதிலேயே தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சோ வீடுகளுக்குப் போய், கிடத்தியிருக்கும் மையித்தை வம்புக்கு இழுத்தவள்.

இருபத்து நான்காம் பகுதியில் அப்பா இறந்துபோகிறார். யேரோ வெள்ளைத் துணிக்கடியில் பாயில் படுத்திருந்தார். மனைவியாக நடித்த சுகெய்னாவுக்கு அழுகை வரவில்லை. வெங்காயம் தேய்த்தும் பயனில்லை. ஐந்து தடவை எடுத்தாயிற்று. சன்னல் வழியாக வந்த வெயில் சுவரின் மேல்பக்கம் ஏறிவிட்டது. பாங்கு சொன்னால் எல்லாரும் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்துக்கு ஓடிவிடுவார்கள்.

ஆறாவது தடவை. சுகெய்னா பாயருகே வந்து உட்கார்ந்தாள். அறையில் ஈ பறந்தால்கூடக் கேட்கும். அப்போது என் பக்கத்திலிருந்தே வந்தது குரல்.

"டேய் அடிமை, எங்கிட்ட கேக்காம சாக உனக்கு யாருடா லீவு குடுத்தா? எழுந்திரு, மாடெல்லாம் கத்துது."

சொல்லி முடித்த பிறகுதான் யாந்தே நோட்டால் வாயைப் பொத்தினாள். காட்சிக்காகத் துக்கம் கேட்க உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டார்கள். சுகெய்னாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைய, துணியின்மேல் விழுந்து அப்படி அழுதாள். துணிக்கடியில் யேரோ குலுங்கிச் சிரித்தது அவள் உடம்பில் மறைந்துபோனது. பாங்கு கேட்டது.

கோரா முகம் கறுத்து என்னிடம் வந்தார். "அவ குரலை மட்டும் வெட்டிடு."

"வெட்டலாம் அண்ணே. குரல் இல்லாம சிரிப்பு எதுக்குன்னு புரியாது, அதையும் வெட்டுனா அழுகையும் சேர்ந்து போயிடும்."

மறுபடி எடுக்க வெளிச்சமில்லை, நாளுமில்லை. அவர் யாந்தேயிடம் திரும்பினார். "நாளைக்கு நோட்டோட வா. ஒப்படைச்சிட்டுப் போ."

அவள் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாயை மூடமாட்டாளா என்று எத்தனையோ நாள் வேண்டியவன் நான். அன்று எனக்கே தாங்கவில்லை.

மறுநாள் நோன்பு திறந்து, எல்லாரும் அதே வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். அந்தக் குரல் வந்தபோது கோரா கண்ணை மூடிக்கொண்டார். பகுதி முடிவதற்குள் அவருடைய கைபேசி அடிக்க ஆரம்பித்தது. கவோலாக்கிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர்.

"எங்கப்பா மௌத்தான அன்னைக்கு ஒரு ஃபாய் வந்து இப்படித்தான் திட்டுனா. அதுவரைக்கும் எங்கம்மா அழவே இல்ல. இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அடுத்து ஒரு அழைப்பு, அதற்கடுத்து இன்னொன்று. கடைசியில் தொலைக்காட்சி நிலையத்திலிருந்தே பேசினார்கள். நாளை மதியம் அதே பகுதியை மறுபடி போடுகிறார்களாம்.

யாந்தே இது எதையும் காதில் வாங்காமல் எழுந்து வந்து நோட்டை நீட்டினாள். தங்கை மகள் கையை நீட்டினாள்.

"கையை மடக்கு" என்றார் கோரா. "நீ செக் குலத்துப் பொண்ணு, கேலி பேசற முறை உனக்கு இல்ல. சோ வீட்டு எழவுல நீ என்னத்தப் பேசிக் கிழிப்ப?"

யாந்தே நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். யேரோ கிழவர் பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நெஜமாவே நான் போற அன்னைக்கும் இவளையே கூப்பிடுங்கப்பா. எம்பொண்டாட்டியும் லேசுல அழமாட்டா."