சோடா ஓப்பனர்

சித்தப்பாவுக்குப் பல் செட் கட்டும் வேலை. செட்டை வாயில் பொருத்தி, வந்தவரை வாய்விட்டுச் சிரிக்க வைத்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. "பேசும்போது எல்லா செட்டும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். சிரிக்கும்போதுதான் புத்தியைக் காட்டும்" என்பார்.

முப்பத்தைந்து வருடங்களில் அவரால் சிரிக்க வைக்க முடியாத ஒரே ஆள் அவருடைய சொந்த அக்கா, என் அத்தை.

வாலிபத்தில் சித்தப்பாவின் வேடிக்கையெல்லாம் அடுத்தவர் தோலை உரித்துச் செய்ததுதான். பட்டப்பெயருக்குத் தப்பியவர் கிடையாது. தெத்துப்பல் அத்தைக்கு 'சோடா ஓப்பனர்' என்று வைத்தார். வீடு நிறைய விருந்தாளிகள் இருந்த ஒரு நாளில் அதைக் கூவியும் அழைத்தார். அன்றிலிருந்து அத்தைக்குச் சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம், பல்லெல்லாம் விழுந்துவிட்ட அத்தைக்கு சித்தப்பா செட் பொருத்தும் நாள். நான்தான் அழைத்துப் போனேன்.

"வா பம்பரம், இந்தத் தடவை எத்தனை நாளைக்கு நிப்ப?" என்றார் சித்தப்பா. 'ஸ்ஸ்' என்று கூடவே ஒரு விசில். போன வருடம் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட செட்.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டினேன். எனக்கு மட்டும் குக்கரை மாட்டிக்கிட்டேன்."

எனக்கு வைத்த பழைய பெயர் மட்டும் நாக்கில் ஒட்டியிருந்தது; மற்றபடி இப்போதெல்லாம் அவர் கேலி செய்யும் ஒரே ஆள் அவரேதான்.

அத்தைக்கு செட்டைப் பொருத்தினார். "சிரி அக்கா." கை வாய்க்குப் போனது.

"கையை எடுக்கா. மறைச்சா எனக்கு என்ன தெரியும்?"

கை இறங்கியது, சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் பழுதில்லாமல் ஓடிய ஜோக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அத்தை மழை நிலவரம் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

அத்தை கண்ணாடியை எடுத்தார். நூல் பிடித்தாற்போல் பல்வரிசை. செய்த தப்புக்கு ஈடாக, சித்தப்பா ஒவ்வொரு பல்லையும் அப்படி இழைத்திருந்தார்.

"இது யாருடா? என் தெத்துப்பல் எங்க?"

"வேணாம்னுதானேக்கா மறைச்ச?"

"மறைச்சா வேணாம்னு அர்த்தமா? நகையைக்கூடத்தான் பீரோவுல பூட்டி வைக்கிறேன். இனிமே எவனாவது சோடாவோட வந்து நின்னா, எதை வச்சுடா திறப்பேன்?"

சித்தப்பா சிரித்த சிரிப்பில் அவருடைய மேல் செட் கழன்று தட்டில் 'டங்' என்று விழுந்தது. பொக்கை வாயோடு அவர் திருதிருவென்று விழிக்க, அத்தை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாயை மூடக் கை மிச்சமில்லை.

அத்தையின் செட் இம்மியும் அசையவில்லை.

"பொதுந்திதுச்சு!" என்று பொக்கை வாயால் கத்தினார் சித்தப்பா.

"பொருந்தினா ஆச்சா? கழட்டுடா. ஓப்பனரை வச்சுக் குடு."