அக்காவின் காலில் நான் இட்ட திருநீறு

கஞ்சி வடிக்கச் சாய்த்தபோது பானை மூடி நழுவிவிட்டது. அக்காவின் இடது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கொதிகஞ்சி கொட்டியது. பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து பற்பசையைத் தடவினாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாத் தீப்புண்ணுக்கும் அதுதான் முதல் மருந்து. குழாய் தீரும்வரை பிதுக்கிவிட்டுத்தான் அத்தை ஓய்ந்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தும் புண் மூடவில்லை. தொடையில் மெல்லியதாகத் தோல் சீவி எடுத்துக் காலில் ஒட்டவேண்டும் என்றார் டாக்டர்.

"எங்கிட்ட எடுத்துக்கங்க டாக்டரையா. அது வயசுக்கு வந்த புள்ள," என்றாள் அம்மா.

அடுத்தவர் தோல் நிலைக்காது, அவளுடையதே வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு இரண்டு மாதத்தில், பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை. எங்கள் லயத்தில் அதுவரை யாரும் அதில் தேறியதில்லை. தோல் ஒட்டிக்கொண்டால் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதே அவள் நினைப்பு முழுவதும்.

ஒட்டி முடித்ததும் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொன்னாள். நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஐந்து நாளைக்குக் காலில் போட்ட கட்டின்மேல் யாரும் கை வைக்கக்கூடாது, தோல் வழுக்கிவிடுமாம். அக்கா தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் அம்மா, தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தை என்னிடம் தந்து, அக்கா நெற்றியில் பூசச் சொல்லிவிட்டு மிஸ்ஸியைப் பார்க்கப் போனாள். எனக்கு எட்டு வயது, புத்தி கொஞ்சம் கூடுதல். நோவு காலில் இருக்க, நெற்றிக்கு எதற்குத் திருநீறு? அக்கா கண்ணயர்ந்திருந்தாள். கட்டின் ஓரத்தை நெகிழ்த்திப் பொட்டலம் முழுவதையும் உள்ளே தள்ளினேன். எல்லா இடத்துக்கும் போகட்டும் என்று மேலே அழுத்தித் தேய்த்தும் விட்டேன். பிறகு கைகூப்பி அழுதேன். அவ்வளவு உண்மையாக நான் அதற்குப் பிறகு கும்பிட்டதில்லை.

அக்கா விழித்து, வெளுத்துப்போயிருந்த என் விரல்களைப் பார்த்தாள்.

"என்னாடி செய்ற?"

"சாமி கும்புடுறேன்."

அவள் என் விரல்களைத் தன் போர்வையில் துடைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது, ஒட்டிய தோல் சாம்பலோடு குழைந்து துணியோடே வந்துவிட்டது. மிஸ்ஸி மெதுவான குரலில், "இது யாரு போட்டது?" என்று கேட்டாள். பெருமையாக நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"நான்தான் மிஸ்ஸி. சீக்கிரம் ஆறட்டும்னு போட்டுக்கிட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

புண்ணில் சீழ் வைத்து, அது அடங்க ஒரு மாதம் போன பிறகே மறு தொடையில் தோல் எடுத்தார்கள். இந்த முறை ஒட்டியது. ஆனால் பரீட்சை நாட்களில் அக்கா ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். அடுத்த வருடம் படித்தது போதும் என்று தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். அவள் உழைப்பில்தான் நான் படித்து டீச்சரானேன். இன்றுவரை அந்தத் திருநீற்றைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்று வெளியே நின்ற எனக்கும் அழுகைதான் வந்தது. அம்மனிடம் மன்றாடிப் போட்டது நான், பேரை அவள் தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்ற ஆத்திரம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கையை நீட்டிக் கூப்பிட்டாள். பாவம், போகட்டும் என்று அவளை மன்னித்துவிட்டேன்.