பெயருக்குக் காப்புரிமை

தைப்பூசத்தில் பால்குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டுவார்கள். பத்துமலைப் படியில் பாதி ஏறுவதற்குள் துணி நனைந்து பால் முகத்தில் வழியும். பக்தி என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் புளித்த நாற்றத்தோடு ரயிலேறி வீடு திரும்புவோம். இத்தனை வருடமாக ஒருத்தருக்கும் இது குறையாகத் தோன்றவில்லை. கிள்ளான் ரப்பர் தொழிற்சாலையில் அச்சில் வார்க்கும் வேலை பார்க்கும் எனக்குத் தோன்றியது. குடத்தின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் சிலிக்கான் மூடி ஒன்று செய்தேன். குடத்தைக் கவிழ்த்தாலும் பால் சொட்டாது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். என் மகள் வயதுதான். பெயருக்குப் பதிவு வேறு, வடிவத்துக்கு வேறு, வேலை செய்யும் விதத்துக்கு வேறு என்று பொறுமையாக விளக்கினாள். மூடி கவ்வும் விதம் பழையதுதான், வடிவம்தான் புதிது என்றாள். "வெளிய காட்டறதுக்கு முன்னாடி வடிவத்தப் பதிஞ்சிருங்க ஆன்டி. பேரு அப்புறம்கூடப் பாத்துக்கலாம்."

தலையாட்டிவிட்டு வந்தவள், அதை அக்கா வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அக்காவின் கணவர், என் அத்தான், காப்புறுதி முகவர், அதாவது இன்சூரன்ஸ் ஏஜென்ட். காப்புறுதி விற்கிறவருக்குக் காப்புரிமை தெரியாதா என்ன? எல்லாம் ஒன்றுதான், மூன்று தடவை ஃபீஸ் வாங்கத்தான் வக்கீல்கள் பிரித்துச் சொல்கிறார்கள் என்றார். "பேரப் புடிச்சிட்டா பொருளையே புடிச்ச மாதிரி லா."

பெயரைத்தான் சும்மா வைத்துவிட முடியுமா? செராஸில் ஓர் எண் கணித ஜோதிடரிடம் அழைத்துப் போனார். அவர் மூடியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கூட்டிக் கழித்து, ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'ஏ' கூடுதலாகப் போடச் சொன்னார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு போட்டேன். முட்டாள் என்று முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும். பெயரைப் பதியக் கொடுத்துவிட்டு, அந்தத் தைப்பூசத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் மூடி கொடுத்தேன். வழியில் கேட்டவர்களுக்கு அத்தான் கழற்றி மாட்டிக் காட்டினார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே கிள்ளான் கடைத்தெருவில் என் மூடி வேறு பெயரில் குவிந்து கிடந்தது. பெயர்ப் பதிவுச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அவங்க உங்க பேர எடுக்கலியே ஆன்டி," என்றாள். வடிவத்தை இப்போது பதியலாமா என்று கேட்டேன். ஊரே பார்த்த பிறகு அது புதிதல்ல என்று சொல்லிவிட்டாள்.

அந்த வருடம் அக்காவின் குடத்தில் இருந்தது கடை மூடி. அத்தான்தான் வாங்கியிருந்தார். என் மூடியைவிட நிறம் எடுப்பாக இருந்ததாம். நான் முறைத்ததைப் பார்த்து, "பேரு நம்மகிட்டதான இருக்கு, அத யாரு எடுக்க முடியும்?" என்றார். உண்மைதான். அந்தப் பெயரை இலவசமாகக் கொடுத்தாலும் ஒருத்தனும் எடுக்க மாட்டான்.

படி முழுக்க அக்காவின் பின்னாலேயே ஏறினேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்ததே, அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.