மாவுக்கட்டுக்குள் போன எறும்புகள்

என் மகளுக்குப் பிறவியிலேயே கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. இன்று மூளை முடக்குவாதம் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அது வெறும் வாதம். பேச்சும் வரவில்லை. வளர வளர முதுகு ஒரு பக்கமாக வளைந்து, விலா எலும்பு இடுப்பில் இடிக்கத் தொடங்கியதும் மூச்சு வாங்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பட்டணத்துக்குக் கொண்டுபோய் முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தோம்.

கத்தி வைப்பதற்கு முன்பே டாக்டர் எச்சரித்தார். பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறாள், விழுங்கும்போது புரையேறுகிறது, சளியை இருமித் துப்பத் தெரியாது, வலிப்பு வேறு வருகிறது. இதில் எது வேண்டுமானாலும் ஆபரேஷனுக்குப் பிறகு ஆளைச் சாய்த்துவிடும் என்றார். அதில் பிழைத்தாள். மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு ஊருக்கு அனுப்பும்போது இன்னொன்றும் சொன்னார். சதையில்லாத உடம்பு, எலும்பு துருத்தும் இடத்தில் கட்டு அழுத்திப் புண்ணாகும், வலித்தாலும் அவளால் சொல்ல முடியாது, நாற்றம் வருகிறதா என்று தினமும் பாருங்கள், புண் முதுகுத் தையலுக்குப் பரவினால் பிழைப்பது கஷ்டம்.

நாற்றம் பிடிக்க எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான் கருப்பட்டி வியாபாரி. சிப்பத்தைப் பிரிக்காமலே முகர்ந்து பார்த்துச் சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுவேன்.

தூத்துக்குடியில் எங்களுக்கு முன்கட்டில் வீடு, பின்கட்டில் கிட்டங்கி. கொழும்புக்குத் தோணி ஏறவேண்டிய கருப்பட்டி அங்கே கூரைவரை அடுக்கியிருக்கும். மழைக்காலத்தில் அது கசிந்து, புளித்த வாடை எங்கள் சோற்றில்கூட வீசும். எறும்புக்கும் பஞ்சமில்லை. கருப்பட்டிக்காரன் எறும்பைக் கண்டு பயப்படமாட்டான். கலப்படமில்லாத சரக்கு என்று வாங்க வருகிறவனிடம் பெருமையாகக் காட்டுவான்.

உடம்பு தேற வேண்டுமென்று மகளுக்குக் கருப்பட்டிக் கஞ்சிதான் கொடுத்தோம். கொஞ்ச நாளில் மாவுக்கட்டின் ஓரத்தில் எறும்பு வந்தது.

"கஞ்சி சிந்தியிருக்கும். அதாம் எறும்பு மொய்க்கு" என்று என் மனைவி ஈரத்துணியால் துடைப்பாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. பிள்ளை சிணுங்கினால், இன்னும் கொஞ்சம் இனிப்பு கேட்கிறாள் என்று ஊட்டினோம்.

ஒருநாள் காலையில் கட்டிலுக்குக் கீழே ஒரு கருப்பட்டித் துண்டு கிடந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எறும்புச் சாரை அந்தத் துண்டை ஒட்டியே போனது. ஒன்றுகூட அதன்மேல் ஏறவில்லை. கட்டில் காலில் ஏறி, மகளின் இடுப்போரம் மாவுக்கட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கருப்பட்டியை ஒதுக்கிவிட்டுப் போகும் எறும்பை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

"ஏளா, நீ துடைக்கிற துணிய எடு."

முகர்ந்தேன். கருப்பட்டி வாடைதான். துணியோடு தெருவுக்கு ஓடி, கடற்காற்றில் நின்று மறுபடியும் முகர்ந்தேன். அங்கேதான் டாக்டர் சொன்ன அந்த நாற்றம் தெரிந்தது.

"தெருவுல நின்னு என்ன செய்யுதிய?" என்று மனைவி வாசலிலிருந்து கேட்டாள். நான் அப்படியே டாக்டரைக் கூட்டிவர ஓடினேன்.

உள்ளூர் டாக்டர் வீட்டுக்கே வந்து, இடுப்புப் பக்கம் கட்டை வெட்டித் திறந்தார். குனிந்து புண்ணின் ஆழத்தைப் பார்த்தார். தையலைத் தொட்டுவிட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எலும்பு வரைக்கும் போயிட்டு அண்ணாச்சி" என்றார் கடைசியில். "தையல் பக்கம் போகல. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா பிள்ளைய மறந்திர வேண்டியதுதான்."

அன்றைக்கே கிட்டங்கி வாடை எட்டாத ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிபோனோம். புண் ஆறியது. முதுகெலும்பும் கூடியது. ஒருவழியாகக் கட்டையும் பிரித்தார்கள். என் பயம் மட்டும் தெளியவில்லை. காலையில் எழுந்ததும் அவள் முதுகில் மூக்கை வைத்து மேலிருந்து கீழ்வரை முகர்ந்து பார்ப்பேன். அவளுக்குக் கூச்சம் தாங்காது. அப்பா விளையாடுகிறார் என்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். இடுப்புவரை முகர்ந்து முடிக்கும்வரை எனக்குச் சிரிப்பு வராது.